பிடிக்குள் பேசுகிறவர்கள்

மல்யுத்தக் காட்சிகளைப் பற்றி இங்கே எழுதுவதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டுதான் ஆரம்பிக்க வேண்டும் என்று முதலில் நினைத்தேன். இந்தப் பக்கங்களைப் படிக்கிறவர்களில் பாதிப் பேரை எனக்கு நேரில் தெரியும். அவர்கள் முகம் எப்படிப் போகும் என்பதும் தெரியும். பிறகு ரோலன் பார்த் ஞாபகத்துக்கு வந்தார். 1957இல் வெளிவந்த ‘மித்தாலஜீஸ்’ நூலை அவர் மல்யுத்தத்தைப் பற்றிய கட்டுரையோடுதான் தொடங்குகிறார். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை.

பார்த் சொல்வதன் சாரம் இது. குத்துச்சண்டை ஒரு கதை. முடிவை நோக்கி வளர்கிறது. மல்யுத்தக் காட்சி அப்படியல்ல. அதில் ஒவ்வொரு கணமும் தன்னளவில் முழுமையானது, பார்த்த மாத்திரத்தில் அர்த்தமாவது. வலியும் தோல்வியும் நியாயமும் கடைசி வரிசைக்கும் எட்டுகிற பெரிய சைகைகளாக வந்து நிற்கின்றன. சண்டை முன்கூட்டியே ஏற்பாடு செய்யப்பட்டதா என்பது ரசிகனுக்குப் பொருட்டே இல்லை. இதில் பெரும்பகுதி எனக்குச் சம்மதம். ஓர் இடத்தில் மட்டும் இல்லை. பார்த் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தவர். மேடைமேல் இருக்கிற இரண்டு பேருக்குக் கணம் என்று தனியாக ஒன்று கிடையாது. எது முன்னால், எது பின்னால், எவ்வளவு நேரம் என்பதுதான் அவர்களுடைய தொழில். விமர்சகன் கணங்களின் கூட்டமாகப் பார்க்கிற ஒன்றை அவர்கள் காலமாகச் செய்கிறார்கள்.

இதை இப்போது எழுதக் காரணம் என் பேரன். ஒன்பது வயது. டெலிபோனில் அமெரிக்க மல்யுத்தம் பார்த்துக்கொண்டிருந்தவன் திரும்பி, “தாத்தா, இது நெஜமா பொய்யா?” என்று கேட்டான். இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் இவன் அப்பன், மல்லர்களின் படமும் எடையும் போட்ட சீட்டுக்கட்டை வைத்துக்கொண்டு இதையே கேட்டபோது ‘பொய்’ என்று சொல்லிவிட்டுப் பேப்பர் படிக்கப் போய்விட்டேன். இந்தத் தடவை அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

எங்கள் தலைமுறைக்கு மல்யுத்தம் என்றால் இரண்டு பெயர்கள்: தாராசிங், கிங்காங். நான் அவர்கள் மோதிப் பார்த்ததில்லை. விருத்தாசலத்தில் என்னைச் சுற்றியிருந்த பெரியவர்களிலும் யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை. ஆனாலும் டீக்கடையில் அந்த மோதல் தினமும் நடந்தது. கொஞ்சம் பருமனாக இருந்த பையன்களுக்கெல்லாம் கிங்காங் என்றுதான் பெயர். கிங்காங் என்பவர் எமில் சாயா. ஐரோப்பாவில் பிறந்து, சிங்கப்பூரில் குடியேறி, ஆசியா முழுவதும் மோதினார். 1970இல் கார் விபத்தில் அடிபட்டு இறந்தார். தாராசிங் 1928இல் அமிர்தசரஸ் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர். 1968இல் பம்பாயில் அமெரிக்கர் லூ தெஸ்ஸை வென்றவர். பின்னால் தொலைக்காட்சி ராமாயணத்தில் அனுமாராக வந்து, 2012இல் காலமானார். தாராசிங்கும் கிங்காங்கும் ஊர் ஊராகப் பல தடவை மோதினார்கள். ஒருவரை ஒருவர் கொல்லத் துடித்தவர்கள் அடுத்த ஊரில் மறுபடி எப்படி முழுசாக வந்து நிற்கிறார்கள் என்று டீக்கடையில் யாரும் கேட்கவில்லை. துரியோதனன் வருஷா வருஷம் செத்து மறு வருஷம் கிரீடம் கட்டிக்கொண்டு வருவதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அது ஒரு கேள்வியாகவே படவில்லை.

ஏற்பாடு இல்லாத மல்யுத்தம் எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு சரித்திரம் உண்டு. 1910 செப்டம்பர் 10ஆம் தேதி லண்டனில் காமா பயில்வானும் போலந்துக்காரரான ஸ்பிஸ்கோவும் மோதினார்கள். காமா ஆரம்பத்திலேயே அவரைக் கீழே தள்ளிவிட்டார். ஸ்பிஸ்கோ குப்புறப் படுத்துக்கொண்டார். புரட்ட முடியவில்லை. இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஒரு பெரிய மனிதர் தரையைக் கட்டிக்கொண்டு படுத்திருந்தார், இன்னொருவர் அவரைப் பெயர்க்கப் பார்த்தார். முடிவு சமம். ஒரு வாரம் கழித்து மறுபடி மோத வேண்டிய நாளில் ஸ்பிஸ்கோ வரவில்லை. 1928இல் பாட்டியாலாவில் இருவரும் சந்தித்தபோது ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, காமா ஜெயித்துவிட்டார். நிஜத்துக்கு இந்த இரண்டு வேகங்கள்தான் தெரியும் போலிருக்கிறது. இடைப்பட்ட காலத்தை யாராவது உட்கார்ந்து செய்ய வேண்டியிருக்கிறது.

செய்தார்கள். 1916இல் ஒமாஹாவில் எட் லூயிஸும் ஜோ ஸ்டெக்கரும் ஏறக்குறைய ஐந்து மணி நேரம் மோதி முடிவில்லாமல் போனார்கள். அதே லூயிஸ் 1920களில் பில்லி ஸாண்டோ, டூட்ஸ் மான்ட் என்ற இருவரோடு சேர்ந்து தொழிலை மாற்றினார். நேரத்துக்கு ஒரு வரம்பு. தரையில் கிடக்கிற பிடிகளோடு தூக்கி எறிதலும் குத்தும் சேர்ந்தன. ஊர் ஊராகப் போகிற ஒரு ஜமா. யார் எங்கே ஜெயிப்பது என்பதை உட்கார்ந்து முடிவு செய்கிற ஆள். இதைச் சூது என்று சொல்லலாம். உருவம் என்றும் சொல்லலாம்.

இந்த உருவத்தைப் பற்றி வெகுகாலம் வெளியே யாரும் வாய் திறக்கவில்லை. ரகசியம் காப்பதற்கே ‘கேஃபேப்’ என்று ஒரு குழூஉக்குறி வைத்திருந்தார்கள். 1989இல் அமெரிக்காவின் மிகப் பெரிய கம்பெனியே, விளையாட்டுப் போட்டிகளுக்கான அரசுக் கட்டுப்பாட்டிலிருந்து தப்புவதற்காக, இது கேளிக்கைதான் என்று நியூ ஜெர்சி சட்டசபையில் ஒப்புக்கொண்டது. அதற்குப் பிறகு மல்லர்களே எழுதவும் பேசவும் ஆரம்பித்தார்கள். நான் தெரிந்துகொண்டது அவற்றிலிருந்துதான்.

முதலில் தீர்மானமாவது முடிவு. யார், எந்தப் பிடியில், எத்தனையாவது நிமிஷத்தில். அங்கிருந்து பின்னோக்கிக் கட்டுகிறார்கள். ஆரம்பத்தில் நல்லவன் கொஞ்ச நேரம் பிரகாசிக்க வேண்டும். அவனை ஜனங்களுக்குப் பிடிக்க வேண்டும். பிறகு கெட்டவன் ஒரு தந்திரத்தால் அதை வெட்டுகிறான். அதன்பின் ஆட்டத்தின் நீண்ட நடுப்பகுதி: நல்லவன் அடி வாங்குகிறான். இடையில் ஒரு தடவை, இரண்டு தடவை எழப் பார்க்கிறான், மறுபடி சாய்க்கப்படுகிறான். ஜனங்கள் இனித் தாங்காது என்கிற இடத்தில் எழுந்துவிடுகிறான். அப்புறம் வேகம். முடிந்துவிட்டது என்று தோன்றி முடியாமல் போகிற இரண்டு மூன்று பொய் முடிவுகள். பிறகு உண்மையான முடிவு. பழைய பழக்கப்படி இதை நடத்திச் செல்வது கெட்டவன்தான். அடிக்கிறவன் என்பதால் அல்ல. ஜெயிக்கப் போகிறவனைப் பெரியவனாக்குவது அவன் பொறுப்பு என்பதால். கீழே விழுகிறவன் சரியாக விழாவிட்டால் மேலே நிற்கிறவன் வெறும் ஆள். வலியைக் காட்டுவதை அவர்கள் ‘விற்பது’ என்கிறார்கள். வாங்காத வலியை விற்கிறார்கள் என்று கேலி செய்யலாம். ஆனால் அந்தப் பலகையில் வாரத்துக்கு ஐந்து நாள் முதுகடித்து விழுகிறவன் வாங்காமலும் இல்லை.

அடி வாங்குகிற அந்த நடுப்பகுதிக்கு அவர்கள் வைத்திருக்கிற பெயர் ‘ஹீட்’. சூடு. இந்த வார்த்தையை முதல் தடவை படித்தபோது எனக்கு நியூயார்க் ஞாபகம் வரவில்லை, விருத்தாசலத்துச் சூளை ஞாபகம் வந்தது.

விருத்தாசலம் என்றால் இலக்கியக்காரர்களுக்குப் புதுமைப்பித்தனின் சொந்தப் பெயர், பக்தர்களுக்குப் பழமலைநாதர். எங்களுக்குப் பீங்கான். நெய்வேலியில் நிலக்கரிக்கு மேலே கிடக்கிற வெள்ளைக் களிமண் பக்கத்திலேயே இருந்ததால் இங்கே சிறு சிறு பட்டறைகள் வந்தன. ஃபியூஸ் கட்டைகள், கோப்பைகள், பொம்மைகள். என் சித்தப்பா அப்படி ஒரு பட்டறையில் சூளைக்குக் காவல். படிப்பு கிடையாது. ஆனால் பார்க்கிற ஓட்டை வழியே தீயின் நிறத்தைப் பார்த்துச் சூட்டைச் சொல்லிவிடுவார். அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்தது: முதல் தீ தண்ணீர் போவதற்கு. அதில் அவசரப்பட்டால் உள்ளே ஆவி அடைத்துப் பாத்திரம் வெடித்துவிடும். அப்புறம் ஏற்றலாம். உச்சிக்குப் போனதும் உடனே விடக்கூடாது, அதே சூட்டில் நிறுத்த வேண்டும், நடு அடுக்கில் இருப்பதும் வேக வேண்டும். அதைவிட முக்கியம், இறக்குவது. நல்ல பாத்திரம் விரிவது பெரும்பாலும் தீயில் இல்லை, ஆறும்போது. 573 டிகிரி பக்கத்தில் மணலிலுள்ள குவார்ட்ஸ் சட்டென்று சுருங்குகிறது என்பதை நான் பிறகு படித்தேன். சித்தப்பாவுக்கு அந்த எண் தெரியாது. “கதவைத் தொறக்கணும்னு கை அரிக்கும்பாரு, அப்பத்தான் தொறக்கக்கூடாது” என்பார். பட்டறை முதலாளிக்குக் கை அரிக்கும். லாரி நிற்கிறது என்பார். திறந்ததும் உள்ளேயிருந்து ‘டங், டங்’ என்று சத்தம் வரும். உடைவதன் சத்தம் அவ்வளவு இனிமையாக இருக்கக் கூடாது என்று எனக்குத் தோன்றும்.

மல்லர்கள் இந்தக் காலத்தை எப்படி அளக்கிறார்கள் என்பதில் இரண்டு பள்ளிகள் உண்டு. ராண்டி சாவேஜ் எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொள்கிறவர். 1987 மார்ச்சில் ரிக்கி ஸ்டீம்போட்டோடு மோதிய ஆட்டத்துக்கு ஒவ்வொரு அசைவையும் வரிசைப்படுத்தி, மனப்பாடம் ஆகும்வரை எதிராளியோடு ஒப்பித்துப் பார்த்தார். கால் மணி நேரத்துக்கும் குறைவான அந்த ஆட்டம் இன்றும் உதாரணமாகச் சொல்லப்படுகிறது. ரிக் ஃப்ளேர் மறுபக்கம். முடிவு தெரிந்தால் போதும், மற்றது ஜனங்களின் மூச்சைக் கேட்டு அங்கேயே அமைத்துக்கொள்வது. நம்மிடமும் இந்த இரண்டு கட்சிகளும் இருக்கின்றன. கவிதை தானாக வருகிறதா, செய்யப்படுகிறதா என்று முப்பது வருஷமாகச் சண்டை போட்டிருக்கிறோம். மல்லர்கள் அதைச் சண்டையாக்கிக்கொள்ளவில்லை. இரண்டும் தேவை என்று அவர்கள் உடம்புக்குத் தெரியும்.

அங்கேயே அமைத்துக்கொள்வது என்றால் பேச வேண்டும். ஆயிரக்கணக்கான பேர் பார்த்துக்கொண்டிருக்க எப்படிப் பேசுவது? அதற்குத்தான் பிடிகள். ஒருவன் இன்னொருவன் தலையைக் கக்கத்தில் இறுக்குகிறான். வெளியே இருப்பவர்களுக்கு அது நெரிப்பு. உள்ளே அது காதுக்குப் பக்கத்தில் ஒரு வாய். அடுத்து என்ன, எந்தப் பக்கம், எவ்வளவு நேரம். நடுவராக நிற்கிறவர் குனிந்து கையைச் சோதிப்பதுபோல் வந்து இன்னும் ஐந்து நிமிஷம் என்று சொல்லிவிட்டுப் போகிறார். பலமாக விழுந்தவன் எதிராளியின் கையை லேசாக அழுத்தினால், எனக்கு ஒன்றும் இல்லை என்று அர்த்தம். அழுத்தாவிட்டால் ஆட்டத்தை மாற்ற வேண்டும். ஆக, அந்த மேடையில் மிகவும் சிரத்தையாக மறைக்கப்படுவது பொய் அல்ல. பொய்யை எல்லோரும் ஒருவாறு அறிவார்கள். மறைக்கப்படுவது ஒருவனுக்கு இன்னொருவன் மேல் இருக்கிற கவனம்.

அது இல்லாமல் போனாலும் போகலாம். 1997 நவம்பரில் மாண்ட்ரியலில் பிரெட் ஹார்ட்டிடம் ஒரு முடிவைச் சொல்லிவிட்டு, அவர் பிடிக்குள் இருக்கும்போது கம்பெனி முதலாளியே மணியடிக்கச் சொல்லித் தோல்வி என்று அறிவித்துவிட்டார். தன்னோடு மோதிய யாரையும் பெரிதாகக் காயப்படுத்தியதில்லை என்பதையே பெருமையாகச் சொல்லிக்கொண்டவர் பிரெட் ஹார்ட். இந்தத் தொழிலில் ஒருவன் தன் கழுத்தை இன்னொருவன் கையில் கொடுக்கிறான். கொடுத்த பிறகு சொன்னது மாறினால் அவனால் ஒன்றும் செய்ய முடியாது.

அந்த பயத்தை நான் 1974இல் பார்த்தேன்.

மணிமுத்தாற்றுப் பக்கம் எங்கள் ஊரில் திரௌபதியம்மன் திருவிழாவுக்கு வெளி ஜமாவைக் கூப்பிடுவது வழக்கமில்லை. ஊர்க்காரர்களே வாத்தியாரிடம் அடவு பழகி ஆடுவார்கள். சித்தப்பா துரியோதனன். அவருடைய பங்காளி, எனக்குப் பெரியப்பா முறை, பீமன். இரண்டு பேருக்கும் ஒன்பது வருஷமாகப் பேச்சில்லை. பொதுக் கிணற்றில் முறைத் தண்ணீர் யாருக்கு எத்தனை நாள் என்கிற தகராறு. அந்த வருஷம் அது முன்சீப் கோர்ட்டுக்குப் போயிருந்தது. பாரதமே பங்காளிச் சண்டைதான் என்று ஊரில் சிரித்தார்கள். சித்தி சிரிக்கவில்லை. படுகளத்தன்று பீமன் கையில் கதை இருக்கும், துரியோதனன் தொடை திறந்திருக்கும். வாத்தியாரும் யோசித்துவிட்டு வேறு பீமனை வைத்துக்கொள்ளலாமா என்று சித்தப்பாவைக் கேட்டனுப்பினார். சித்தப்பா சொன்னது எனக்கு நன்றாக ஞாபகமிருக்கிறது. “வேற ஆளு அடிச்சா எனக்கு விழத் தெரியாது.”

படுகளம் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. பதினெட்டாம் போர் அன்று காலையில் கோவிலுக்கு முன்னால் மண்ணால் துரியோதனனைப் பிரம்மாண்டமாகப் படுத்த நிலையில் செய்து வைப்பார்கள். வேஷம் கட்டிய பீமனும் துரியோதனனும் அந்த மண் உடம்பைச் சுற்றியும் அதன்மேல் ஏறியும் துரத்திக்கொள்வார்கள். கடைசியில் பீமன் தொடையில் அடிப்பான், மண் தொடைக்குள் வைத்த சிவப்புத் தண்ணீர் கொப்பளிக்கும், திரௌபதி கூந்தல் முடிவாள். முடிவு அங்கிருக்கும் குழந்தைக்கும் தெரியும். எப்போது என்பது மட்டும் தெரியாது. ஜனங்கள் வருவது அந்த ‘எப்போது’வுக்காக.

எனக்கு அப்போது பதினாலு வயது. சிவப்புத் தண்ணீர்ச் சட்டிக்குப் பக்கத்தில் குந்தியிருப்பது என் வேலை. சித்தப்பா முந்தின இரண்டு ராத்திரியும் சூளையில் இருந்தவர். விடுப்புக் கிடைக்கவில்லை. தூங்காத கண்ணோடு வந்து முகத்துக்கு வர்ணம் போட்டு, புஜக்கட்டையும் கிரீடமும் கட்டி, கோடை வெயிலில் இறங்கிவிட்டார். ஆறு சுற்று என்று வாத்தியார் பேசியிருந்தார். மூன்றாவது சுற்றிலேயே சித்தப்பாவின் கால் பின்னியது. ஜனங்களுக்கு அது துரியோதனனின் கர்வம் தளர்வதாகத் தெரிந்தது, பலமாகக் கூச்சலிட்டார்கள். எனக்கு அது சித்தப்பாவின் கால் என்று தெரிந்தது. பெரியப்பா பாய்ந்து வந்து ஒரு கையால் அவர் கழுத்தை வளைத்து இழுத்தார். மிருதங்கம் உச்சத்தில். கதையைத் தூக்கி ஜனங்களைப் பார்த்து ஒரு கர்ஜனை. சித்தி ஐயோ என்று எழுந்துவிட்டாள். அந்தக் கர்ஜனை முடிந்த மாத்திரத்தில், கிரீடத்தின் மறைவில், எனக்கு மூன்று முழ தூரத்தில், பெரியப்பாவின் வேறு குரல் கேட்டது.

“தம்பி, மூச்சு வாங்கிக்க. ஆறு வேணாம், நாலோட முடிச்சுக்கலாம். எடது பக்கமா வரேன்.”

“சரிண்ணே.”

அந்தப் பிடியை அவர் விடவில்லை. சித்தப்பாவைக் கழுத்தில் தொங்கவிட்டபடியே நின்றுகொண்டு துரியோதனனின் பாவங்களை ஒவ்வொன்றாகச் சொல்லி வைதார். வாத்தியார் எழுதிக் கொடுக்காத பாவங்களெல்லாம் வந்தன. ஜனங்கள் ஒவ்வொன்றுக்கும் ஆமாம் போட்டார்கள். சித்தப்பாவின் விலா ஏறி இறங்குவது சீரானதும் ஒரே தள்ளாகத் தள்ளினார். சுற்றி நின்றவர்களுக்கு மூச்சு நின்றது. நாலாவது சுற்று முடிந்து இடது பக்கமாக வந்த கதை தொடைக்கு ஒரு விரற்கடை மேலே நின்று மண்ணில் இறங்கியது. நான் சட்டியைக் கவிழ்த்தேன். அந்த வருஷத்துப் படுகளம்போல் பார்த்ததில்லை என்று வெகுநாள் பேசிக்கொண்டார்கள்.

மறுநாள் இருவரும் தெருவில் எதிரெதிரே வந்தார்கள். பேசவில்லை. கேஸ் நடந்தது. ஆனால் வருஷத்துக்கு ஒரு காலை, ஒரு பிடிக்குள், ‘தம்பி’யும் ‘அண்ணே’யும் இருந்தன. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கூத்து கெட்டுவிடும் என்று பட்டதா, அவர்களுடைய சண்டை கெட்டுவிடும் என்று பட்டதா, தெரியவில்லை.

பல வருஷம் கழித்து ஓர் ஆட்டத்தைப் பற்றிப் படித்தேன். 1997 ஆகஸ்ட் 3. ஓவன் ஹார்ட், ஸ்டீவ் ஆஸ்டினைத் தலைகீழாகத் தூக்கி இறக்கியதில் கணக்குத் தப்பி ஆஸ்டினின் தலை பலகையில் மோதிவிட்டது. கழுத்தில் அடி. கையும் காலும் அசையவில்லை. ஜெயிக்க வேண்டியவர் ஆஸ்டின். ஓவன் என்ன செய்தார் என்றால், மேடையைச் சுற்றி நடந்தார். ஜனங்களைப் பார்த்து ஜம்பமடித்தார், ஏசினார், வசை வாங்கிக்கொண்டார். கெட்டவனின் திமிர் என்று ஜனங்கள் நினைத்தார்கள். அவர் கீழே கிடப்பவனுக்கு நேரம் வாங்கிக்கொடுத்துக்கொண்டிருந்தார். ஆஸ்டின் கொஞ்சம் தவழ முடிந்ததும் ஓவன் அவர் கைக்கெட்டுகிற இடத்தில் போய் நின்று, ஒரு குழந்தை இழுத்தாலும் விழுகிற மாதிரி விழுந்து தோற்றார். காயப்படுத்தியதும் அவர், காத்ததும் அவர். படித்துவிட்டு வெகுநேரம் எனக்கு அந்த மண் தொடைக்குப் பக்கத்தில் குந்தியிருக்கிற மாதிரியே இருந்தது.

1983இல் சித்தப்பாவுக்கு முழங்கால் வீங்கி ஓட முடியாமல் போயிற்று. துரியோதனனுக்கு இளவட்டம் ஒருத்தனைப் பிடித்தார்கள். அதே வருஷம் பெரியப்பா கதையை வாத்தியாரிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். வயதாகிவிட்டது என்றார். அப்போதும் ஏர் உழுதுகொண்டிருந்தவர். கிணறு பிறகு தூர்ந்துபோய் அதைப் பற்றிக் கேட்க ஆளில்லாமல் போயிற்று. பேச்சு மட்டும் கடைசிவரை வரவில்லை. ஆறுவதற்கு வேண்டிய காலத்தை அவர்கள் எங்கேயோ தப்பவிட்டுவிட்டார்கள் என்று நினைக்கிறேன்.

பேரனுக்கு நான் சொன்னது இவ்வளவுதான்: அடிக்கிறவன் மூஞ்சியைப் பார்க்காதே. பிடி போட்டிருக்கும்போது அவன் வாயைப் பார். அவன் கொஞ்ச நேரம் டெலிபோனைக் கண்ணுக்கு மிக அருகில் வைத்துக்கொண்டு பார்த்தான். பிறகு சத்தம் போட்டால் எதுவோ கலைந்துவிடும் என்பதுபோல் மெதுவாகச் சொன்னான்.

“தாத்தா, அவன் என்னமோ சொல்றான்.”